கமலவேணி எடுத்த படம்

"எங்க வீட்டுல வீடியோவே இல்ல, கிராணியாரே," என்றாள் பூங்காவனம். "அப்ப எங்க வீட்டுக்காரரு இத எங்க வச்சுப் பாத்தாரு?"

நாராயணசாமி அவள் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். வாடகைப் புத்தகத்தில் அவர் கைப்பட எழுதிய வரி. காளியண்ணன், மண்டோர், மூங்கில் தோட்டம். பக்கத்தில் அடையாள அட்டையின் ஐசி நம்பர். அதற்கடுத்த கட்டத்தில் படத்தின் பெயர். எழுத்து அழகாக இருந்தது. எழுத்து மட்டும் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

"வேற காளியண்ணனா இருக்கும்மா. இந்தப் பக்கம் நாலு காளியண்ணன் இருக்கான்."

"நாலு பேருக்கும் ஒரே ஐசி நம்பரா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே மழை விடுவதாகத் தெரியவில்லை. மழைக்கு ஒதுங்கியவள்தான் பூங்காவனம். பசாருக்கு வந்தவள், கையில் கீரைக்கட்டும் கருவாட்டுப் பொட்டலமுமாகக் கடைக்குள் ஏறினாள். சும்மா நிற்பானேன் என்று மேசைமேல் கிடந்த புத்தகத்தைப் புரட்டினாள். அந்தக் கடைக்கு வருகிற எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

நாராயணசாமி முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்து ஆபீசில் ஆள்பேரும் கணக்கும் எழுதுகிற கிராணியாக இருந்தவர். வெயிலில் அலையாமல், யாரோடும் தொண்டை கட்டக் கத்தாமல், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற தொழில் ஒன்று வேண்டும் என்று நினைத்துத்தான் கோலசிலாங்கூரில் வீடியோ கடை போட்டார். மகள் பேரில் 'ரமணி வீடியோ'. எண்பத்தாறில் ஊரெல்லாம் வீடியோ பைத்தியம் பிடித்துத் திரிந்ததால் கடை ஓடியது. ஓய்வுதான் கிடைக்கவில்லை.

தோட்டத்தில் பேர் எழுதிய கை சும்மா இருக்காது. தேதி, பெயர், ஐசி நம்பர், வீடு, படம் என்று ஐந்து கட்டம் போட்டார். ஆறாவதாகக் 'குறிப்பு' என்று ஒன்றும் போட்டார். அதுதான் அகலமான கட்டம். 'டேப்பைத் திருப்பிச் சுற்றாமல் கொண்டுவந்தார்.' 'சண்டைப் படம் வேண்டாம், மனைவிக்கு நெஞ்சு படபடப்பு.' 'அழுகைப் படமாகக் கேட்டார், ஏன் என்று சொல்லவில்லை.' இப்படி.

பூங்காவனம் முன்பக்கங்களைப் புரட்டி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தெட்டு சனிக்கிழமை," என்றாள். "சனிக்கிழமை மத்தியானம் ஆனா யூனியன் மீட்டிங்னு சொல்லிட்டு மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போவாரு."

"மீட்டிங்ல போட்டுக் காட்டுறாங்களோ என்னமோ."

சொல்லும்போதே அது அவர் காதுக்கே எடுபடவில்லை. பூங்காவனம் குறிப்புக் கட்டத்துக்குப் போய்விட்டாள். எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தாள்.

"'பாட்டு வரும் இடத்தில் டேப் நெளிந்திருக்கிறது. திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டார்களாம்.' கேட்டார்களாம்னா என்ன?"

"கேட்டாங்கன்னு அர்த்தம்."

"அது தெரியுது லா. நான் ஆறாவது வரைக்கும் படிச்சவ. ஒருத்தர் கேட்டா கேட்டார். கேட்டார்கள்னா எத்தன பேரு?"

"மரியாதைக்கு எழுதியிருப்பேன்."

"மத்த எடத்துல எல்லாம் வந்தார், எடுத்தார்னுதானே மரியாதை குடுத்திருக்கீங்க. இந்த ஒரு எடத்துல மட்டும் என்ன கூடுதல் மரியாதை?"

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் எழுதியதை எந்தத் துரையும் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. நாராயணசாமிக்கு ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குள் அவள் கீரைக்கட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காளியண்ணன் வந்தான். ஆள்களை வேலை வாங்குகிற மண்டோருக்கு ஏற்ற ஆறடி ஆள். முறுக்கிய மீசை. தோட்டத்தில் அவன் இருமினால் மூன்று லயத்து வீடுகளுக்குக் கேட்கும். நாராயணசாமி விஷயத்தைச் சொன்னதும் முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, நான் தப்புத்தண்டாவுக்குப் போறவன் இல்ல."

"நான் கேக்கவே இல்லையே."

"மாமியா வீட்டுக்குத்தான்யா போறேன்."

நாராயணசாமிக்குப் புரியவில்லை. மாமியார் வீட்டுக்குப் போவதை மறைக்கிற மருமகனை அவர் கண்டதில்லை. மறைந்து வேறெங்காவது போய்விட்டு மாமியார் வீடு என்று சொல்பவர்களைத்தான் கண்டிருக்கிறார்.

காளியண்ணன் மெதுவாகச் சொன்னான். எட்டு வருஷத்துக்கு முன்பு பூங்காவனத்தின் தம்பி கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்தவன் மூன்றாவது தடவை கறி கேட்டிருக்கிறான். மாமியார் சின்னப்பொண்ணு அம்மாள், 'மண்டோருக்குப் பரிமாற ஒரு ஆடு பத்தாது போல இருக்கே' என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். பூங்காவனம் அவனை இலையிலிருந்து கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். என் வீட்டுக்காரரை மதிக்காத வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று சொன்னவள், இன்றுவரை மிதிக்கவில்லை.

"எனக்கு மறுநாளே கோவம் போயிருச்சுய்யா. கறி நல்லாத்தான் இருந்துச்சு. அவளுக்குத்தான் போகல. எனக்காக வச்சிருக்கிற கோவத்த நான் எப்படி வேண்டாம்னு சொல்றது?"

போன வருஷம் சபாக் பெர்ணத்துக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்பியபோது, சுங்கை பெசாருக்குப் பக்கத்தில் சுங்கை பஞ்சாங்கில் வயல் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள் சங்கிலி அறுந்தது. அறுந்த இடத்துக்கு எதிரில் மாமியார் வீடு. சின்னப்பொண்ணு அம்மாள் ஒன்றும் பேசாமல் துண்டைக் கொடுத்தார். அப்புறம் காப்பி கொடுத்தார். அப்புறம் மீன் குழம்பு ஊற்றினார். மூன்றாவது தடவை கேட்காமலேயே ஊற்றினார். மகன் சிங்கப்பூரிலிருந்து வீடியோ பெட்டி அனுப்பியிருந்தான். அந்த அம்மாளுக்கு எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாது. காளியண்ணன் அமுக்கிக் காட்டினான்.

"அப்ப புடிச்சது. சனிக்கிழமையானா ஒரு படம். அத்த நல்லா அழுவாங்க. நானும் அழுவேன்." மீசையைத் தடவிக்கொண்டான். "இத வெளிய சொல்லாதீங்க."

"பூங்காவனத்துகிட்ட உள்ளதச் சொல்லிட்டா முடிஞ்சுது."

"என்னான்னு சொல்றது? எனக்காக எட்டு வருஷம் பெத்த தாய் மொகத்த பாக்காம இருக்கா. நான் அங்க போயி மீன் குழம்பு சாப்புட்டுக்கிட்டு இருந்தேன்னா சும்மா விடுவாளா? பொம்பளகிட்ட போனாக்கூட ஒருவேள மன்னிப்பா. இத மன்னிக்கமாட்டா." அவன் எழுந்து நாராயணசாமியின் கையைப் பிடித்தான். "அத்தகிட்டயும் மக தலையில அடிச்சு சத்தியம் வாங்கியிருக்கேன். நீங்களும் வாயத் தொறக்கமாட்டேன்னு சொல்லுங்க."

நாராயணசாமி சொன்னார். கையில் இருந்த பிடி அப்படி.

அன்றைக்கே புத்தகத்தை மேசை டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். இனி யாரும் படிக்க முடியாது, பிரச்சினை முடிந்தது என்று காலை நீட்டி உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார். எதிர்ச்சாப்பாட்டுக்கடை ஷேக் தாவூது தெருவைக் கடந்து வந்தார்.

"என்னண்ணே, புத்தகத்தக் காணோம்?"

"உள்ள வச்சிருக்கேன், பாய். ஆளாளுக்குப் படிக்கிறாங்க."

"படிக்கிறதுக்குத்தானே எழுதுனீங்க?"

"எனக்காக எழுதுனேன்."

"அப்ப எங்களுக்குத் தெரியக்கூடாதது ஏதோ அதுல இருக்கு," என்றார் ஷேக் தாவூது. கோபமாகச் சொல்லவில்லை. யோசனையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

யோசனை அவர் கடையில் தே தாரேக் டீயோடு சேர்த்து எல்லா மேசைக்கும் போனது. திறந்து கிடந்தவரைக்கும் அது ஒரு வீடியோ கடைப் புத்தகம். பூட்டியதும் அது வேறு ஏதோ ஆகிவிட்டது. மூன்று நாளில் ஏழு பெண்கள் வந்து தங்கள் வீட்டுக்காரர்கள் என்ன படம் எடுத்தார்கள் என்று கேட்டார்கள். ஆண்கள் தனித்தனியாக வந்தார்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். நாலாம் நாள் மத்தியானம் ஷேக் தாவூதே மறுபடி வந்தார்.

"என் பேருக்கு நேரா என்ன போட்டிருக்கீங்க?"

நாராயணசாமி டிராயரைத் திறந்து வாசித்தார். "'சண்டைப் படம்தான் வேண்டும் என்பார். முதல் சண்டை வருவதற்குள் தூங்கிவிடுவார்.'"

"இத யாரு சொன்னது?"

"டேப்பு கொண்டுவந்தப்ப உங்க வீட்டு அஜீஸாதான் சொன்னாங்க."

ஷேக் தாவூது புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "அத அடிச்சிருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து வரும் வழக்கமான டீ வரவில்லை.

பூங்காவனமும் வந்தாள்.

"புத்தகத்த எடுங்க."

"பூட்டியிருக்கும்மா."

"சாவி?"

"வீட்டுல இருக்கு."

அவர் எழுந்து நின்றதும் இடுப்பில் சாவி கிணுகிணுத்தது. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

பூட்டியது தப்பு என்று நாராயணசாமிக்குத் தோன்றியது. மறைக்கக் கூடாது, திறந்தே இருக்க வேண்டும், ஆனால் யாருக்கும் புரியக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பெட்டி அட்டையை வெட்டி வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டார். தோட்டத்தில் எல்லாம் நம்பர்தானே. காளியண்ணனுக்கு 2417. புதுப் புத்தகத்தில் பேர் இல்லை, ஐசி இல்லை, வீடு இல்லை. நம்பரும் படமும் மட்டும்தான். குறிப்பு எழுத ஊறிய கையை அடக்கிக்கொண்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். பழையபடி மேசைமேல் திறந்து வைத்தார்.

எல்லாருக்கும் நாலு இலக்கத்தில் நம்பர் கொடுத்ததுதான் வினையாகிப்போனது.

அந்த வாரம் நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலில் மூன்றாம் பரிசு 2093க்கு விழுந்தது. அது முடிவெட்டும் சன்னாசியின் அட்டை நம்பர். சன்னாசி அந்த நம்பருக்குப் பணம் கட்டவில்லை. அந்த வருத்தத்தில் அவன் வருகிறவர்களிடமெல்லாம் அட்டையைக் காட்டிப் புலம்ப, ஊருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கிராணி கொடுக்கிற நம்பர் ராசியான நம்பர். அடுத்த இரண்டு வாரத்தில் ஷேக் தாவூது கடைச் சுவரில், யாருக்கு என்ன நம்பர் என்று யாரோ பென்சிலில் வரிசையாக எழுதிவைத்தார்கள். வந்தவர்கள் சேர்த்து எழுதினார்கள். கோயில் செயலாளர் தங்கராஜு தன் நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எட்டில் முடிகிற நம்பர் ஒன்று கேட்டார்.

"இது நாலு நம்பர் இல்ல, தங்கராஜு. இது யாரு யாருன்னு தெரியாம இருக்கப் போட்ட நம்பரு."

"தெரியாம எப்படி இருக்கும்? சுவத்துல எழுதியிருக்கே."

பூங்காவனம் சுவரைப் படித்துவிட்டு நேராக வந்தாள். மேசைமேல் கிடந்த புத்தகத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு, "ரெண்டாயிரத்து நானூத்திப் பதினேழு," என்று விரலை ஓட்டினாள். "இன்னும் மூணு சனிக்கிழமை. மூணும் காதல் படம்."

"குடும்பப் படம்மா அது."

"யாரு குடும்பம்?" என்றாள். பிறகு கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். "குறிப்பு எழுதலையா?"

"இப்ப எழுதுறதில்ல."

"எழுத முடியாத அளவுக்கு ஆயிருச்சா?"

அவள் போனபின் நாராயணசாமி வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆபீசில் எண்ணூறு பேருக்குப் பேர் எழுதியிருக்கிறார். ஒருவர்கூட இப்படி வந்து கண்ணைப் பார்த்து நின்றதில்லை.

மறு சனிக்கிழமை காளியண்ணன் வந்தபோது அவர் புது வழி வைத்திருந்தார். நம்பரும் வேண்டாம். காளியண்ணனுக்கு மட்டும் இட்டுக்கட்டிய பேர் ஒன்றை எழுதிவிடுவது. ஆம்பளைப் பேராக இருந்தால் யாரோ ஓர் ஆம்பளை என்று தேடுவார்கள். பொம்பளைப் பேர் என்றால் காளியண்ணன் பக்கம் எவருக்கும் நினைப்பே போகாது. இவ்வளவு தெளிவாக அவர் யோசித்து நாளாகியிருந்தது. புத்தகத்தில் 'கமலவேணி' என்று எழுதினார். டேப் உறைக்குள் எப்போதும் ஒரு துண்டுச் சீட்டு வைப்பார். எடுத்தவர் பெயர், திருப்பித் தரவேண்டிய தேதி. பழக்கதோஷத்தில் அதிலும் 'கமலவேணி' என்று எழுதி உள்ளே வைத்தார்.

அந்தச் சீட்டு காளியண்ணன் சட்டைப்பைக்கு எப்படிப் போனது என்று அவனுக்கே தெரியாது. பூங்காவனம் துணி துவைக்கும்போது எடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் ஈரச் சீட்டை மேசைமேல் விரித்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து நாராயணசாமியின் மனைவி இராஜம்மா மத்தியானச் சாப்பாட்டோடு கடைக்குள் நுழைந்தாள்.

"யாரு கமலவேணி?" என்றாள் பூங்காவனம்.

"அப்படி யாரும் இல்லம்மா."

"இல்லாதவ எப்படிப் படம் எடுத்தா?"

இராஜம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். "கையெழுத்து உங்களோடது," என்றாள் கணவனிடம். "எனக்குக் கடுதாசி எழுதுனப்பக்கூட பேர இவ்வளவு அழகா எழுதல."

"இராஜம்மா, இது சும்மா ஒரு பேரு. மனசுல வந்துச்சு, எழுதுனேன்."

"மனசுல எப்படி வந்துச்சு?"

உண்மையிலேயே எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பெண் அவரை ஒருவனின் கூட்டாளி என்று பார்த்தாள். இன்னொரு பெண் அவரையே அந்த ஒருவனாகப் பார்த்தாள். காளியண்ணனுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது.

"இப்ப சொல்ல முடியாது," என்றார்.

அதைவிட மோசமாக ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. சொன்னபிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது.

அன்றிரவு அவருக்கு ஆறிப்போன சோறும் ஒரு துண்டு ஊறுகாயும் கிடைத்தன. ரசம் இல்லையா என்று கேட்டதற்கு, கமலவேணியிடம் கேட்கச் சொன்னாள் இராஜம்மா. ஊர் கமலவேணியைத் தேட ஆரம்பித்தது. கம்போங் குவாந்தானில் ஆற்றோர மின்மினி பார்க்கப் படகேறியபோது அவளைக் கண்டதாக ஒருவர் சொன்னார். உயரமான, சிவத்த பெண்ணாம். தங்கராஜு அதை மறுத்தார். குட்டையாம், ரவாங்கில் ஏதோ தொழிற்சாலையில் வேலையாம், தன் மச்சானுக்கே தெரியுமாம். ஷேக் தாவூது கடையில் இதற்காக இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை நாராயணசாமி கடைக்குப் பின்னால் இருந்த தகர டிரம்மில் பழைய புத்தகத்தையும் புதிய புத்தகத்தையும் நம்பர் பட்டியலையும் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார். பக்கம் பக்கமாகச் சுருண்டது. ஆறாவது கட்டத்தில் அவர் எழுதிவைத்த குறிப்புகள் ஒவ்வொன்றாகக் கறுத்துப் போவதைப் பார்க்க மனசு என்னவோ செய்தது. ஆனால் முதுகிலிருந்து ஏதோ இறங்கினாற் போலவும் இருந்தது. இனி எழுதுவதே இல்லை. யார் எடுத்தார்கள், எதை எடுத்தார்கள், ஒன்றும் வேண்டாம். கொண்டுவந்தால் கொண்டுவரட்டும்.

புகையைப் பார்த்து ஊர் வந்தது.

"கிராணி புத்தகத்த எரிச்சுட்டாரு," என்றார் ஷேக் தாவூது. "அப்ப விஷயம் உண்மைதான்."

கூட்டம் கலைந்தபிறகு பூங்காவனம் வந்தாள். இந்தத் தடவை மேசையை நோக்கி வரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எரிச்சுட்டீங்களா?"

"எரிச்சுட்டேம்மா."

"எங்க அம்மா அன்னிக்கே சொன்னாங்க. இந்த ஆளு வயித்தப் பாக்குற ஆளு, உன் மனசப் பாக்கமாட்டாருன்னு. நான் கேக்கல." அவள் குரல் உயரவே இல்லை. "எட்டு வருஷம். எங்கம்மாவுக்குக் காலு வீங்கியிருக்குன்னு சொன்னாங்க, போகல. எங்கப்பா செத்த எட்டாம் நாளு போயி ரோட்டோட நின்னுட்டு வந்தேன், உள்ள போகல. இவருக்காகத்தான்."

நாராயணசாமியின் வாய் திறந்தது. உன் புருஷன் உன் தாய் வீட்டில்தான் இருக்கிறான், ஒரு வார்த்தை, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷத்தில் ஆபீஸ் விஷயத்தை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை. யாருக்குச் சம்பளப் பிடித்தம், யார் எதற்கு மனுப் போட்டார்கள், எதையும். எழுதத் தெரியும், சொல்லத் தெரியாது. அந்த ஒரு வார்த்தையை அவர் தேடி எடுப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் ஒரு பையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்பது கடையிலிருந்து தெரிந்தது. சுங்கை பெசார் பஸ் வந்தது. அவள் ஏறினாள்.

பஸ் நகர்ந்த பிறகுதான் நாராயணசாமிக்குப் பொறிதட்டியது. இன்று தோட்டத்தில் லீவு. காளியண்ணன் ஒரு மணி நேரத்துக்கு முன்பே வந்து, நல்ல அழுகைப் படமாக ஒன்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். இருவரும் போவது ஒரே ரோடு, ஒரே வீடு.

ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்தலாமா என்று எழுந்தார். பஸ் வளைவு திரும்பிவிட்டது. எழுந்தது எழுந்ததுதானே என்று தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஞாயிறு ஒரு செய்தியும் இல்லை. திங்கட்கிழமையும் இல்லை. கடையில் வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. எழுதுவது இல்லை என்றானதும் டேப்புகள் திரும்பி வருவதும் இல்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. ஒருவர் கொடுத்த உறைக்குள் வேறு படம் இருந்தது. தான் எடுத்தது இதுதான் என்று சாதித்தார். இல்லை என்று சொல்ல நாராயணசாமியிடம் எழுத்து இல்லை. வாடிக்கையும் குறைந்தது. வந்தவர்கள் படம் எடுக்க வந்தவர்களாகத் தெரியவில்லை. வெற்று மேசையைப் பார்த்துவிட்டு, சிறிது நின்றுவிட்டு, போனார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு வயதான அம்மாள் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார். கால் வீங்கியிருந்தது. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். சனிக்கிழமை காளியண்ணன் எடுத்துப்போன அதே அழுகைப் படம்.

"நான் சின்னப்பொண்ணு," என்றார். "காளியண்ணன் மாமியா."

நாராயணசாமி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "என்னாச்சும்மா?"

"மொதல்ல தண்ணி குடுங்க."

குடித்துவிட்டுச் சொன்னார். படம் பாதிக்கு வந்திருக்கிறது. காளியண்ணன் கைலியோடு தரையில் சப்பணம் போட்டு, மடியில் தட்டு. வாசலில் அழுகைச் சத்தம். படத்தில்தான் அழுகிறார்கள் என்று இரண்டு பேரும் நினைத்திருக்கிறார்கள்.

"அம்மா, நீ சொன்னதுதான் சரி, அந்த ஆளு நல்லவரு இல்லன்னு சொல்லிக்கிட்டே என் கழுத்தக் கட்டிக்கிட்டா. எட்டு வருஷத்துக்கு அப்புறம். எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல. அவ தலைக்கு மேல இவரு தட்டோட எழுந்து நிக்கிறாரு."

"அப்புறம்?"

"திரும்பிப் பாத்தா. ஒரு வார்த்த பேசல. சமையக்கட்டுக்குள்ள போனா, கட்டிலுக்கு அடியில பாத்தா, குளியலறைக் கதவத் தொறந்து பாத்தா. கமலவேணி எங்கன்னு கேட்டா. எனக்கு அந்தப் பேருல யாரையும் தெரியாது, தம்பி."

நாராயணசாமி தரையைப் பார்த்தார்.

"ரெண்டு நாளு அவருகிட்டப் பேசல. நேத்துத்தான் சோறு போட்டா. இன்னிக்குக் காலையில ரெண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிள்ல கிளம்பிப் போனாங்க. இனிமே சனிக்கிழமை அவளும் வர்றாளாம்." சின்னப்பொண்ணு அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசையை நிமிர்ந்து பார்த்தார். "புத்தகம் எங்க, தம்பி? இங்கதானே கெடக்கும்னு சொல்வாங்க."

நாராயணசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவருக்கு முதுகு நேராக நின்றது.

"புத்தகம் இல்லம்மா. எரிச்சுட்டேன். பூட்டி வச்சுப் பாத்தேன், நம்பர் போட்டுப் பாத்தேன், பேர மாத்திப் பாத்தேன். ஊரே கேட்டுச்சு. என் வீட்டுலயே எனக்கு ரசம் கெடையாது. ஆனா உங்க மருமகன் உங்க வீட்டுக்குத்தான் வர்றாருன்னு ஒருத்தர்கிட்ட வாயத் தொறக்கல. கடைசிவரைக்கும் காப்பாத்திட்டேன்."

சின்னப்பொண்ணு அம்மாள் வீங்கிய காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

"எல்லாம் கேள்விப்பட்டேன்," என்றார். "மக தலையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு, நான் எப்படி அவகிட்டச் சொல்றது? சுங்கை பெசார்லயே ரெண்டு வீடியோ கடை இருக்கு, தம்பி. கோலசிலாங்கூர்ல ஒரு கடையில புத்தகம் தொறந்தே கெடக்கும், வர்றவங்க போறவங்க எல்லாம் படிப்பாங்கன்னு சொன்னாங்க. அதனாலதான் படத்த இந்தக் கடையிலதான் எடுக்கணும்னு மருமகன அனுப்பி வச்சேன்."